ஒரே அணியில் நின்ற இரண்டு பகைவர்கள்: டிரான்சில்வேனியாவுக்காக ஹங்கேரியும் ருமேனியாவும் நடத்திய போர்க்கால ராஜதந்திரம்

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரில் ஹங்கேரி, ருமேனியா இரண்டுமே ஜெர்மனியின் கூட்டாளிகள். இருந்தும் டிரான்சில்வேனியா யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டுக்கும் ஜென்மப் பகை. ஒரே அணியில் இருந்துகொண்டு இதை எப்படிச் சமாளித்தார்கள்? ஜெர்மனி ஏன் ஒரேயடியாகத் தீர்த்துவைக்கவில்லை? அவர்களே பேசி முடித்திருக்கக் கூடாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு அதைத் தீர்த்துவைக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தீராமல் இருந்ததில்தான் அதற்கு லாபம். பூனைகளுக்கு அப்பம் பங்கிட்ட குரங்கு கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் குரங்கு அப்பத்தைத் தின்று தீர்த்துவிட்டது. ஹிட்லர் தின்னவில்லை. பாதியை ஒருவர் கையில் கொடுத்து, "நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து மறுபடி பிரிக்கலாம்" என்ற எண்ணத்தை இருவர் மனதிலும் விதைத்துவிட்டார். அதற்காக இரண்டு நாடுகளும் தங்கள் பிள்ளைகளை ரஷ்யாவின் டான் நதிக்கரை வரை அனுப்பின.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920 ஜூன் 4 அன்று த்ரியானோன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அதில் ருமேனியாவுக்குப் போன நிலம் மட்டுமே, அதாவது டிரான்சில்வேனியாவும் அதை ஒட்டிய பகுதிகளும், ஏறத்தாழ 1,03,000 சதுர கிலோமீட்டர். ஹங்கேரிக்கு மிஞ்சியது 93,000. அதாவது பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன பங்கு, சொந்தக்காரருக்கு மிஞ்சிய பங்கைவிடப் பெரியது. ஹங்கேரியப் பள்ளிகளில் ஒரு தலைமுறையே "வேண்டாம், வேண்டாம், ஒருபோதும் முடியாது" என்ற முழக்கத்தோடு வளர்ந்தது. ருமேனியர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஹங்கேரிய அரசே எடுத்த 1910 குடிக்கணக்கின்படி பார்த்தாலும், கைமாறிய பகுதியில் ருமேனியர்களே பெரும்பான்மை. ஆனால் அதே பகுதியில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் ஹங்கேரியர்கள் இருந்தார்கள். அவர்களில் செக்கெய் எனப்படும் பெரும் கூட்டம் எல்லையோரத்தில் இல்லை. புதிய ருமேனியாவின் நட்டநடுவில், கிழக்குக் கார்பாத்திய மலையடிவாரத்தில் இருந்தது. எந்தக் கோட்டை எப்படி வரைந்தாலும் ஒரு பக்கத்தார் தவறான நாட்டில் மாட்டிக்கொள்வார்கள் என்ற நிலை அப்படித்தான் உண்டானது.

1940 கோடையில் இது வெடித்தது. ஜூன் 26 அன்று சோவியத் யூனியன் பெசரேபியாவையும் வடக்கு புக்கோவினாவையும் கேட்டு ருமேனியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. ருமேனியா கொடுத்துவிட்டது. ஒருமுறை கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார் என்று ஹங்கேரி படைகளைத் திரட்டியது. ஜெர்மனிக்கு இது பெரிய தலைவலி. ருமேனியாவின் பிளோயெஸ்த் எண்ணெய் வயல்கள் அதன் போர் எந்திரத்துக்கு உயிர்நாடி. அங்கே இரண்டு நாடுகள் சண்டை போட்டு, அதைச் சாக்கிட்டு ரஷ்யர்கள் உள்ளே வந்துவிட்டால்? "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று இருவரையும் உட்காரவைத்தது.

உட்கார்ந்தார்கள். 1940 ஆகஸ்ட் 16 அன்று டான்யூப் கரையில் உள்ள துர்னு செவெரின் என்ற ருமேனிய ஊரில் பேச்சு தொடங்கியது. ஹங்கேரியத் தூதுக்குழு ஆந்த்ராஷ் ஹோரி தலைமையில் கப்பலில் வந்து, கப்பலிலேயே தங்கியது. எதிரில் ருமேனியாவின் வலேர் போப். ஹங்கேரி கேட்டது 69,000 சதுர கிலோமீட்டர். ருமேனியா சொன்னது: முதலில் மக்களை இடம் மாற்றிக்கொள்வோம், நிலத்தை அப்புறம் பார்ப்போம். ஹங்கேரி சொன்னது: முதலில் நிலம், மக்கள் அப்புறம். எட்டே நாளில் பேச்சு முறிந்தது.

அது ஏன் முறிந்தது என்பதில்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்திருந்த இரு தரப்புக்கும் ஒரு காது பெர்லினில் இருந்தது. இங்கே விட்டுக்கொடுத்தால் அது எழுதிவைத்த இழப்பு. விட்டுக்கொடுக்காமல் போனால் பெரியவர் ஒருவர் தலையிடுவார், அவர் நம் பக்கம் சாயலாம். இப்படி ஒரு மூன்றாவது கதவு திறந்திருக்கும்போது யாருக்குத்தான் சமரசம் செய்ய மனம் வரும்?

பெரியவர் தலையிட்டார். ஆகஸ்ட் 30, வியன்னாவின் பெல்வெதேர் அரண்மனை. நடுவர்களாக வெளியுறவு அமைச்சர்கள் இருவர்: ஜெர்மனியின் ரிப்பன்ட்ராப்பும் இத்தாலியின் சியானோவும். தீர்ப்பு என்னவென்று தெரிவதற்கு முன்பே "எது வந்தாலும் ஏற்கிறோம்" என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் 29-ஆம் தேதி இரவே புக்கரெஸ்தில் மன்னர் கரோல் அவசரமாக அரச ஆலோசனைக் குழுவைக் கூட்டி, வேறு வழியில்லாமல் தலையாட்டினார். 30-ஆம் தேதி தீர்ப்பு வாசிக்கப்பட்டு வரைபடம் விரிக்கப்பட்டது. ருமேனிய வெளியுறவு அமைச்சர் மிஹாயில் மனொயிலெஸ்கு அந்தக் கோட்டைப் பார்த்தார். நாட்டின் நெஞ்சு வரை பாய்ந்திருந்த கோடு. அங்கேயே மயங்கி விழுந்தார்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஹங்கேரியப் பிரதமர் பால் தெலெகியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் தொழிலால் புவியியலாளர். டிரான்சில்வேனியப் பிரபு வம்சம். முதல் உலகப் போருக்குப் பிந்திய சமாதான மாநாட்டுக்காக, ஹங்கேரியர் வாழும் இடங்களைச் சிவப்பில் காட்டும் புகழ்பெற்ற இன வரைபடத்தைத் தயாரித்தவர் அவர்தான். இருபது வருடம் கழித்து அந்தச் சிவப்பின் ஒரு பகுதி அவர் கைக்கு வந்தது. வடக்கு டிரான்சில்வேனியா, கேட்டதைவிடக் குறைவுதான் என்றாலும் 43,000 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 25 லட்சம் மக்கள். ஆனாலும் அவர் மகிழ்ச்சியோடு திரும்பவில்லை. ஜெர்மனி கையால் வாங்கிய நிலத்துக்கு ஜெர்மனி விலை கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே வியன்னாவில், ஹங்கேரியில் வாழும் ஜெர்மானியச் சிறுபான்மையினருக்குத் தனிச் சலுகைகள் தரும் ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். 1941 ஏப்ரலில் யூகோஸ்லாவியா மீது படையெடுக்க ஜெர்மனிக்கு வழிவிட வேண்டிவந்தது. சில மாதங்களுக்கு முன்புதான் அதே நாட்டோடு நிரந்தர நட்பு ஒப்பந்தம் போட்டிருந்தவர் தெலெகி. ஏப்ரல் 3 அன்று தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். இந்த வரலாற்றில் நான் மனம்விட்டு மதிக்கிற சிலரில் அவரும் ஒருவர். அவர் அரசு கொண்டுவந்த யூத விரோதச் சட்டங்களை மன்னிக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வரைபடத்தில் போட்ட கோடு தரையில் என்ன செய்தது என்று பாருங்கள். க்ளூஜ் நகரம் (ஹங்கேரியர்களுக்கு அது கொலோஷ்வார்) ஹங்கேரிக்குப் போனது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டரில் உள்ள துர்தா ருமேனியாவில் நின்றது. க்ளூஜில் இருந்த ருமேனியப் பல்கலைக்கழகம் மூட்டை கட்டிக்கொண்டு சிபியூவுக்குப் போனது. 1921-இல் அதே ஊரிலிருந்து செகெத் நகரத்துக்குப் போயிருந்த ஹங்கேரியப் பல்கலைக்கழகம் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இன்னொரு விசித்திரம்: செக்கெய் பகுதி ஹங்கேரிக்குக் கிடைத்தது, ஆனால் க்ளூஜிலிருந்து அங்கே போகும் ரயில் பாதை ருமேனியாவுக்குள் புகுந்து போனது. சொந்த நாட்டின் ஒரு பகுதிக்குப் போக ரயில் இல்லை. மலைக்குள் செரெத்ஃபால்வாவிலிருந்து தேடா வரை 48 கிலோமீட்டர் புதுத் தண்டவாளம் போட்டார்கள். அது முடிய 1942 டிசம்பர் ஆனது. அதுவரை லாரியும் குதிரை வண்டியும்தான்.

மனித விலை இதைவிடக் கொடியது. ஹங்கேரியப் படை உள்ளே நுழைந்த இரண்டு வாரத்துக்குள், செப்டம்பர் 1940-இல், த்ரெஸ்நியா, இப் ஆகிய கிராமங்களில் ருமேனியர்கள் கொல்லப்பட்டார்கள். இப் கிராமத்தில் மட்டும் ஒரே இரவில் 150 பேருக்கும் மேல். பிறகு இரு அரசுகளும் பிடித்துக்கொண்டது பதிலுக்குப் பதில் என்ற கொள்கை. வடக்கில் ஒரு ருமேனிய ஆசிரியரை வேலையை விட்டு நீக்கினால் தெற்கில் ஒரு ஹங்கேரிய ஆசிரியர் போவார். இங்கே ஒரு பள்ளி மூடினால் அங்கே ஒன்று. இரு திசையிலும் லட்சக்கணக்கானோர் அகதிகளாக எல்லை தாண்டினார்கள். தன் மக்களைக் காப்பாற்ற அடுத்தவன் மக்களைப் பிணையாக வைத்துக்கொள்வதை ராஜதந்திரம் என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அதற்கு அந்தப் பெயர்தான் இருந்தது.

சரி, இந்த நிலையில் இவர்கள் கூட்டாளிகள் ஆனது எப்படி? தேதிகளைப் பாருங்கள். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் செய்துகொண்ட முத்தரப்பு உடன்படிக்கையில் ஹங்கேரி சேர்ந்தது 1940 நவம்பர் 20. ருமேனியா சேர்ந்தது நவம்பர் 23. மூன்றே நாள் இடைவெளி. கரோலை அனுப்பிவிட்டு ஆட்சியைப் பிடித்த இயோன் அன்தோனெஸ்கு கையெழுத்துப் போட பெர்லின் போனபோதே, வியன்னா தீர்ப்பு அநியாயம் என்று ஹிட்லரிடம் நீண்ட நேரம் வாதாடினார். அந்தத் தீர்ப்பைத் தந்தவரின் வீட்டிலேயே உட்கார்ந்து அந்தத் தீர்ப்பைத் திட்டினார். ஹிட்லருக்குக் கோபம் வரவில்லை. மாறாக, அந்த மனிதரைப் பிடித்துப்போனது. எல்லாம் இத்தோடு முடிந்துவிடவில்லை என்ற நம்பிக்கையோடு அன்தோனெஸ்கு ஊர் திரும்பினார். ஜெர்மனி இரு தரப்பிடமும் கடைசி வரை கையாண்ட முறை இதுதான். மாற்றித் தருகிறேன் என்று எழுதித் தரவில்லை. மாற்றவே மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் யூனியன் மீது பாய்ந்தபோது ருமேனியா முதல் நாளே கூடப் போனது. அதற்குப் பெசரேபியா திரும்ப வேண்டும். ஹங்கேரிக்கு ரஷ்யாவிடம் கேட்க ஒரு பிடி மண்கூட இல்லை. ஆனால் அதன் தலைமைத் தளபதி ஹென்ரிக் வெர்த்தின் கணக்கு வேறு. ருமேனியா மட்டும் ரத்தம் சிந்தி, நாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால், நாளைக்கு டிரான்சில்வேனியா யாருக்குப் போகும்? ஜூன் 26 அன்று, அப்போது ஹங்கேரி வசம் இருந்த காஷா நகரத்தின் மீது குண்டு விழுந்தது. போட்டது யார் என்று இன்று வரை ஐயமறத் தெரியவில்லை. மறுநாளே ஹங்கேரி போரில் இறங்கியது.

அந்த டிசம்பரில் இரு நாடுகளும் அமெரிக்கா மீதும் போர் அறிவித்தன. அப்போது புடாபெஸ்டில் மக்கள் வாயில் புழங்கிய ஒரு கதை உண்டு. ஹங்கேரியத் தூதர் போர் அறிவிக்கப் போகிறார். அமெரிக்க அதிகாரி கேட்கிறார்: உங்களுக்கு எங்களோடு எல்லைத் தகராறு உண்டா? இல்லை. இங்கிலாந்தோடு? இல்லை. ரஷ்யாவோடு? இல்லை. அப்படியானால் யாரோடு? ருமேனியாவோடு. ருமேனியா மீது போர் தொடுக்கிறீர்களா? ஐயோ, இல்லை, அது எங்கள் கூட்டாளி. சொந்தப் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்றால், உள்ளே எவ்வளவு கசப்பு இருந்திருக்கும்.

அன்தோனெஸ்குவின் கணக்கும் இதே வகைதான். பெசரேபியாவை மீட்டதோடு நில்லுங்கள், அதன் கிழக்கு எல்லையான நீஸ்டர் நதியைத் தாண்டாதீர்கள் என்று எதிர்க்கட்சித் தலைவர்கள் யூலியு மனியுவும் தினு ப்ரெத்தியானுவும் எச்சரித்தார்கள். கேட்கவில்லை. சோவியத் துறைமுக நகரமான ஒடேசாவின் முற்றுகையில் மட்டும் 90,000 ருமேனியர்களுக்கு மேல் மாண்டும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். பதிலுக்கு, நீஸ்டருக்கு அப்பால் உள்ள நிலத்தின் நிர்வாகத்தை ஜெர்மனி கொடுத்தது. அன்தோனெஸ்கு அதை ஆண்டார், ஆனால் நாட்டோடு முறைப்படி இணைக்கவில்லை. இணைத்துக்கொண்டால் "அதுதான் டிரான்சில்வேனியாவுக்கு ஈடு, கணக்கு முடிந்தது" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அப்படிக் கையில் வைத்திருந்த அந்த நிலத்தில்தான் அவர் ஆட்சி யூதர்களைப் பெருந்திரளாகச் சாகடித்தது. இதற்கிடையே மிஹாய் அன்தோனெஸ்கு (பெயர்தான் ஒன்று, இவர் வெளியுறவு அமைச்சர்) ஸ்லோவாக்கியாவையும் குரோவேஷியாவையும் சேர்த்து ஹங்கேரிக்கு எதிராக ஒரு கூட்டு அமைக்கப் பார்த்தார். எல்லாரும் ஒரே அச்சு அணியில் இருந்தவர்கள்!

ஜெர்மனி இதை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு 1942-ஐவிட நல்ல உதாரணம் இல்லை. மாஸ்கோ எதிரில் அடிவாங்கிய பிறகு அதற்கு ஆள் பஞ்சம். ஆண்டின் தொடக்கத்தில் ரிப்பன்ட்ராப்பும் அப்புறம் ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தின் தலைவர் கைட்டலும் புடாபெஸ்ட் வந்து படை கேட்டார்கள். ருமேனியா எவ்வளவு அனுப்புகிறது தெரியுமா என்பதே போதுமான வாதமாக இருந்தது. அதே வாதம், பெயரை மட்டும் மாற்றி, புக்கரெஸ்திலும் எடுபட்டது. ஹங்கேரி தன் இரண்டாம் படையை, ஏறத்தாழ 2,00,000 பேரை, டான் நதிக்கு அனுப்பியது. ருமேனியா இரண்டு முழுப் படைகளை ஸ்டாலின்கிராடின் இருபுறமும் நிறுத்தியது.

இப்போது அந்த டான் நதிக்கரையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். வடக்கே வரோனெஷ் பக்கம் ஹங்கேரியர்கள். தெற்கே ருமேனிய மூன்றாம் படை. இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ரஷ்யர்களை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள் என்று ஜெர்மன் தளபதிகள் பயந்தார்கள். அதனால் இருவருக்கும் நடுவில் இத்தாலிய எட்டாம் படையைக் கொண்டுவந்து வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய போர்முனையில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஒரு எல்லைத் தகராறுக்காக ஒரு முழுப் படை சுவராக நிறுத்தப்பட்டது. இரு அரசுகளும் நல்ல படைப்பிரிவுகளில் ஒரு பகுதியை வீட்டிலேயே வைத்துக்கொண்டன, ஒருவரையொருவர் பார்த்தபடி. டானுக்குப் போனவர்களிடம் டாங்கிகளை நிறுத்தப் போதுமான பீரங்கிகூட இல்லை. 1942 நவம்பர் 19 அன்று சோவியத் தாக்குதல் முதலில் ருமேனியர்களை உடைத்தது. டிசம்பரில் இத்தாலியர்கள். 1943 ஜனவரி 12-இல் தொடங்கிய தாக்குதலில் ஹங்கேரியர்கள். ருமேனியா இழந்தது ஒன்றரை லட்சம் பேர். ஹங்கேரிய இரண்டாம் படையில் பாதிப் பேருக்கு மேல் உறைபனியில் போனார்கள். யாருக்கும் ஒரு அங்குல நிலம் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு இரு நாடுகளும் போரிலிருந்து கழன்றுகொள்ள வழி தேடின. உங்கள் மூன்றாவது கேள்விக்கான மீதி விடை இங்கே இருக்கிறது. 1943 ஜூனில் மிக்லோஷ் பான்ஃபி என்ற டிரான்சில்வேனியப் பிரபு, முன்னாள் ஹங்கேரிய வெளியுறவு அமைச்சர், ரகசியமாகப் புக்கரெஸ்த் போய் மனியுவைச் சந்தித்தார். இரண்டு நாடுகளும் சேர்ந்து வெளியேறினால் ஜெர்மனியால் தடுக்க முடியாது என்பது யோசனை. அருமையான யோசனை. ஆனால் மனியு முதலில் வடக்கு டிரான்சில்வேனியா என்றார். பான்ஃபியால் அதைக் கொடுக்க முடியவில்லை. பேச்சு அங்கேயே நின்றது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் துக்கமாக இருக்கிறது. துர்னு செவெரினில் முடியாததற்கு பெர்லினைக் காரணம் சொல்லலாம். இங்கே அறைக்குள் இருந்தவர்கள் இரண்டே தரப்புதான், இருவருமே ஜெர்மனி தோற்கும் என்று அறிந்தவர்கள். அப்போதும் முடியவில்லை.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மனி தன் கூட்டாளியான ஹங்கேரியையே ஆக்கிரமித்தது. ருமேனியப் படையையும் இதில் இறக்கலாமா என்று முதலில் யோசித்து, அப்படிச் செய்தால் ஹங்கேரியர்கள் கட்டாயம் எதிர்த்துச் சண்டையிடுவார்கள் என்பதால் கைவிட்டார்கள். சில நாள் கழித்து ஹிட்லர் இயோன் அன்தோனெஸ்குவிடம், வியன்னா தீர்ப்புக்கு இனி ஜெர்மனி பொறுப்பாளியாக இருக்க விரும்பவில்லை, இதை வெளியே சொல்லாதீர்கள் என்றார். நாலு வருடம் ஆட்டிக்காட்டிய பொருள், கடைசியில் ரகசியமாக ஒரு வாய்ச்சொல்லாக வந்தது. அந்த ஆக்கிரமிப்பின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். மே, ஜூன் மாதங்களில் வடக்கு டிரான்சில்வேனியாவிலிருந்து 1,30,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் ஆஷ்விட்ஸ் மரண முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். க்ளூஜில் அவர்களை அடைத்துவைத்த இடம் ஒரு செங்கல் சூளை. கோட்டுக்குத் தெற்கே, துர்தாவிலும் அராதிலும் இருந்த யூதர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். 1940-இல் பெல்வெதேரில் பென்சிலால் போட்ட கோடுதான் அவர்களுக்கு வாழ்வும் சாவும் ஆனது.

1944 ஆகஸ்ட் 23 அன்று இளம் மன்னர் மிஹாய், ஆட்சித் தலைவர் இயோன் அன்தோனெஸ்குவைக் கைதுசெய்து, ருமேனியாவை அணி மாற்றினார். மாஸ்கோவில் செப்டம்பர் 12 அன்று கையெழுத்தான போர்நிறுத்தத்தின் 19-ஆவது பிரிவைக் கவனியுங்கள். வியன்னா தீர்ப்பு செல்லாது, டிரான்சில்வேனியா ருமேனியாவுக்குத் திரும்ப வேண்டும் என்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் மூன்று சொல்: "அல்லது அதன் பெரும்பகுதி". அதுவும் சமாதான மாநாடு உறுதிசெய்தால். ஹிட்லர் பிடித்திருந்த அதே கயிற்றை ஸ்டாலின் கையில் எடுத்துக்கொண்டார்.

இழுக்கவும் செய்தார். துர்தாவில் ஹங்கேரியரும் ருமேனியரும் இப்போது வெளிப்படையாகவே மோதினார்கள். அக்டோபர் 25-க்குள் வடக்கு டிரான்சில்வேனியா முழுதும் ருமேனிய, சோவியத் படைகள் கைக்கு வந்தது. நவம்பரில், ருமேனிய ஆயுதக் குழுக்கள் ஹங்கேரியப் பொதுமக்களைக் கொன்றதைக் காரணம் காட்டி, ருமேனிய நிர்வாகத்தை சோவியத் ராணுவம் அங்கிருந்து வெளியேற்றியது. கொலைகள் நடந்தது உண்மை. ஆனால் நிர்வாகம் எப்போது திரும்பிக் கிடைத்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். 1945 மார்ச் 6 அன்று மாஸ்கோ விரும்பிய பெத்ரு க்ரோசா புக்கரெஸ்தில் பிரதமரானார். மார்ச் 9 அன்று வடக்கு டிரான்சில்வேனியா திருப்பித் தரப்பட்டது. மறுபடியும் மூன்றே நாள்.

1947 பிப்ரவரி 10 அன்று பாரிஸ் ஒப்பந்தம் 1938 ஜனவரி 1-இல் இருந்த எல்லையையே மீண்டும் உறுதிசெய்தது. புதுத் தண்டவாளம் இப்போது ருமேனியாவில் இருக்கிறது, ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. பான்ஃபியின் மாளிகை க்ளூஜுக்குப் பக்கத்தில் பொன்த்சிதா கிராமத்தில் இருந்தது. புக்கரெஸ்த் போய்ப் பேசியதற்குப் பழிவாங்க, 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைக் கொள்ளையிட்டுத் தீவைத்தது.